மாடி வீட்டைத் திருநங்கைக்கு வாடகைக்குக் குடுக்கப் போறோம், தெருவுல வேண்டாம்ங்கறாங்க. சட்டம் என்ன சொல்லுது?

அழகாபுரம்_மாடிவீடு | 15.11.2025, சனி இரவு

வணக்கம். சேலத்துக்காரங்க, குறிப்பா வாடகை, வக்கீல் விவகாரம் தெரிஞ்சவங்க பதில் சொன்னா உபகாரமா இருக்கும்.

அழகாபுரத்துல எங்க வீடு. கீழ அம்மாவும் நானும். மாடில ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையல்கட்டு. டூலெட் போர்டு மாட்டினதும் ஒருத்தங்க வந்து பாத்தாங்க. ஒரு தனியார் லேப்ல டெக்னீசியன். திருநங்கை. வாடகை 7,500 சொன்னோம், பேரம் பேசல. குழாயைத் திறந்து பாத்தாங்க, பாத்ரூம் தாழ்ப்பாளை ரெண்டு தடவை போட்டுப் போட்டுப் பாத்தாங்க, "தாழ்ப்பாள் மட்டும் மாத்திக் குடுங்கம்மா, மத்தது எல்லாம் ஓகே"ன்னாங்க. எங்கம்மா லேசுல யாரையும் நம்பற ஆள் இல்ல. அவங்களே "இந்தப் புள்ளைக்கே குடுத்துடலாம்டா"ன்னுட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் தெருவுல மூணு பேர் வந்தாங்க. சண்டை எல்லாம் இல்ல. உக்காந்து காபி குடிச்சுட்டுத்தான் பேசினாங்க. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம், வயசுப் பிள்ளைங்க இருக்கற தெரு"ன்னாங்க. கிளம்பும்போது ஒருத்தர் மட்டும், "குடுத்தீங்கன்னா நாங்க சும்மா இருக்க மாட்டோம், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனார்.

அவங்களால சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? சரி, வம்பு எதுக்குன்னு நாங்களே மாட்டேன்னு சொல்லிட்டா அது தப்பா? அக்ரிமெண்ட்ல எதையாவது தனியா எழுதணுமா?

---

நாலுரோடு_நாகு | சனி இரவு

உங்க வீடு, உங்க அம்மா, உங்க தாழ்ப்பாள். இதுல தெருவுக்கு என்ன வேலை? குடுத்துட்டுப் போங்க தலைவா.

---

கோரிமேடு_77 | சனி இரவு

நாகு மாதிரி சொல்றது ஈஸி. நான் நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன், அனுபவத்துல சொல்றேன். அவங்க நல்லவங்களாவே இருக்கலாம், நான் இல்லைங்கல. ஆனா அவங்களைப் பாக்க வர்றவங்க யாரு? நாளைக்குக் கீழ் வீட்டையும் வாடகைக்கு விடணும்னா குடும்பம் எவன் வருவான்? வீட்டை விக்கணும்னா விலை நிக்குமா? பேச்சுலர்ஸுக்கே நாங்க குடுக்கறதில்ல. அதே கணக்குதான் இதுவும். இதைப் பாகுபாடுன்னு சொன்னா என்ன அர்த்தம், என் சொத்து யாருக்குன்னு முடிவு பண்ற உரிமை எனக்கு இல்லையா?

---

அஸ்தம்பட்டி_கோர்ட் | ஞாயிறு காலை

நான் வழக்கறிஞர். இது பொதுவான விளக்கம்தான். உங்க விஷயத்துக்குன்னு ஆலோசனை வேணும்னா பேப்பரோட யாரையாவது நேர்ல பாருங்க.

திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019-ல வந்தது, 2020 ஜனவரி 10-லிருந்து அமல்ல இருக்கு. அதோட 3-ஆம் பிரிவு, படிப்பு, வேலை, மருத்துவம், பொதுச் சேவை, நடமாட்டம்னு வரிசையாச் சொல்லிட்டு, சொத்தை வாங்க, வாடகைக்கு எடுக்க, அதுல குடியிருக்க உள்ள உரிமையை மறுக்கக் கூடாதுன்னும் சொல்லுது. "எந்த நபரும்"னுதான் அதுல இருக்கு, அரசாங்கத்துக்கு மட்டும் சொன்னதில்ல. அதனால கோரிமேடு சார், "திருநங்கைங்கறதால மாட்டேன்"னு சொல்றதும் பேச்சுலருக்கு மாட்டேங்கறதும் சட்டத்து முன்னாடி ஒண்ணு கிடையாது. பேச்சுலரைக் காப்பாத்த தனிச் சட்டம் எதுவும் இல்ல.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். தண்டனை எதுக்கெல்லாம்னு சொல்றது 18-ஆம் பிரிவு. அதுல வாடகை மறுக்கறது வரல. 3-ல தடை போட்டுட்டு 18-ல அதுக்குத் தண்டனை எழுதாம விட்டுட்டாங்க. அதனால நீங்க மாட்டேன்னு சொன்னா போலீஸ் உங்க வீட்டுக்கு வராது. சட்டத்துக்கு விரோதம்தான், ஆனா குற்ற வழக்கு ஆகாது. பாதிக்கப்பட்டவங்க சிவில் கோர்ட்டு, ஹைகோர்ட்டுன்னு அலைஞ்சாதான் உண்டு. 7,500 ரூபா வாடகை வீட்டுக்கு யார் அலைவாங்க?

இப்ப உங்க தெருக்காரர் விஷயம். 18-ல என்ன இருக்குன்னா, ஒரு திருநரை வீட்டை விட்டோ, ஊரை விட்டோ, குடியிருக்கற வேற எந்த இடத்தை விட்டோ வெளியேத்தினா, வெளியேறும்படி செஞ்சா, ஆறு மாசத்துக்குக் குறையாம ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. பொது இடத்துக்குப் போக விடாமத் தடுக்கறதும், வாயால திட்டி மனசை நோகடிக்கறதும் அதே பிரிவுலதான் வருது. ஆக குடி வர்றதுக்கு முன்னாடி நடக்கற மறுப்புக்குத் தண்டனை இல்ல, குடி வந்த பிறகு கிளப்பினா குற்றம். "சும்மா இருக்க மாட்டோம்"னு சொன்ன பெரியவருக்கு இதை யாராவது பக்குவமா எடுத்துச் சொன்னா நல்லது.

---

ஐந்துரோடு_வீட்டுபுரோக்கர் | ஞாயிறு காலை

வக்கீல் சார் சொன்னதுக்கு நான் சாட்சி. என் தொழில்ல யாருமே "திருநங்கைக்குக் குடுக்க மாட்டேன்"னு வாய் திறந்து சொன்னதே இல்ல. "இப்பத்தாங்க வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம்", "பையன் பெங்களூர்லருந்து வரப் போறான்", "பெயிண்ட் அடிக்கணும், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க". போர்டு அப்படியே தொங்கிட்டு இருக்கும். அதுலயே அடுத்த நாள் வேற பார்ட்டியை நான் கூட்டிட்டுப் போவேன். பொழப்பு அது.

---

ஜங்ஷன்_அக்கா | ஞாயிறு மதியம்

நான் திருநங்கை. சூரமங்கலத்துல டெய்லரிங் வெச்சிருக்கேன். புரோக்கர் தம்பி உண்மையைச் சொன்னதுக்கு ஒரு நன்றி.

அந்த "பெயிண்ட் அடிக்கணும்" எனக்கு மனப்பாடம். இதுல கொடுமை என்னன்னா, சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. தண்ணி குடுப்பாங்க. ஒரு வீட்டுல சொம்புல தண்ணி குடுத்துட்டு, நான் படி இறங்கறதுக்குள்ள சொம்பை வெளிக் குழாயடியில போட்ட சத்தம் கேட்டுச்சு. சண்டை போட்டாலாவது பதிலுக்கு நாம நாலு வார்த்தை சொல்லலாம். இதுக்கு என்னத்தைச் சொல்றது?

அப்படியே குடுத்தாலும் சும்மா வராது. பக்கத்துப் போர்ஷன் 5,000 ஆனா எனக்கு 7,000. அட்வான்ஸ் ரெண்டு மடங்கு. ராத்திரி எட்டு மணிக்கு மேல யாரும் வரக் கூடாது, மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, துணியை வெளிய காயப் போடக் கூடாது, வாசல்ல உக்காரக் கூடாது. ஒருத்தர், வெள்ளிக்கிழமை காலைல அவர் வீட்டு வாசல் வழியா நான் எதிர்ல வரக் கூடாதுன்னார். கல்யாணத்துக்கும் கடை திறப்புக்கும் எங்க கையால திருஷ்டி கழிச்சா ராசிங்கறதும் இதே ஊருதான்!

இப்ப இருக்கற வீட்டுல பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓனரம்மா எனக்கு எந்தச் சலுகையும் காட்டல. வாடகை லேட்டானா மத்தவங்களைக் கேக்கற மாதிரியேதான் கேப்பாங்க, தண்ணி வர்ற அன்னிக்கு நான்தான் மோட்டார் போடணும். எனக்கு அது போதும். இந்தப் பதிவு போட்ட தம்பிக்குச் சொல்றேன், "பாவம்"னு நினைச்சுக் குடுக்காதீங்க. பாவம்னு குடுக்கறவங்கதான் முதல் புகார் வந்தவுடனே காலி பண்ணச் சொல்வாங்க. வாடகை ஒழுங்கா வரும், வீட்டைச் சுத்தமா வெச்சுக்குவாங்கன்னு தோணினா குடுங்க.

---

கோரிமேடு_77 | ஞாயிறு மாலை

அக்கா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோபப்படாதீங்க. புது பஸ் ஸ்டாண்டுல, ரயில்ல, சிக்னல்ல நடக்கறதை எல்லாரும் பாக்கறோமே. கடைக்காரன் காசு குடுக்கலைன்னா என்ன பேச்சுப் பேசறாங்கன்னும் தெரியும். ஜனங்க பயப்படறதுக்குக் காரணமே இல்லைன்னு சொல்ல முடியுமா?

---

ஜங்ஷன்_அக்கா | ஞாயிறு இரவு

கோபம் இல்ல தம்பி. நானும் கை தட்டிக் கடை கடையாக் காசு கேட்டவதான். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதட்டிக் காசு புடுங்கறவங்க இருக்காங்க. அது தப்பு, அவங்க மேல கேஸ் போடுங்க. ஆனா லேப்ல ரத்தம் எடுத்துட்டு இருக்கற பொண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? குடிச்சுட்டு வந்து தெருவுல கலாட்டா பண்ற ஆம்பளைங்க எத்தனை பேர்? அதனால ஆம்பளைங்களுக்கு வீடில்லைன்னு யாராவது போர்டு வெச்சாங்களா?

இன்னொண்ணு. வீடு இல்லாதவங்களுக்கு அட்ரஸ் இல்ல. அட்ரஸ் இல்லாம ரேஷன் கார்டு ஏது, பேங்க் கணக்கு ஏது, வேலைக்குப் போனா வெரிஃபிகேஷன் ஏது? எல்லாக் கதவையும் சாத்திட்டு, ஏன் ரோட்டுல நிக்கறேன்னு கேட்டா எப்படி?

---

மெட்ரோ_பயணி | ஞாயிறு இரவு

அக்கா சொல்றதுக்குக் கண்ணு முன்னாடி உதாரணம் இருக்கு. 2017-ல கொச்சி மெட்ரோ திறந்தப்ப 23 திருநருக்கு வேலை குடுத்தாங்க, நாடே பாராட்டுச்சு. கொஞ்ச நாள்லயே சில பேர் வேலையை விட்டுட்டாங்க. காரணம் சம்பளமோ வேலையோ இல்ல, அந்த ஊர்ல தங்கறதுக்கு யாரும் வீடு குடுக்கல. லாட்ஜுல தங்கிக்கிட்டு அந்தச் சம்பளத்துல எத்தனை நாள் ஓட்ட முடியும்?

நம்ம ஊரு கதையையும் யாரும் மறக்க வேண்டாம். இந்தியாவுல முதல் திருநங்கை எஸ்.ஐ. பிரித்திகா யாஷினி சேலத்துப் பொண்ணு. அப்ளிகேஷன் ஃபார்ம்ல ஆண், பெண் ரெண்டே கட்டம்தான், அதனால தள்ளிட்டாங்க. அவங்க சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், 2015 நவம்பர்ல தீர்ப்பு வாங்கி, 2017-ல தர்மபுரில எஸ்.ஐ.யா வேலைக்குச் சேந்தாங்க. ஃபார்ம்ல ஒரு கட்டம் இல்லாததுக்கு ஹைகோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

---

பட்டறை_வெள்ளி | திங்கள் காலை

செவ்வாய்ப்பேட்டைல எனக்குச் சின்னதா கொலுசுப் பட்டறை. தலைப்பு வீட்டைப் பத்தினது, ஆனா வேலை இடத்தைப் பத்திப் பேச்சு வந்ததால எழுதறேன்.

என்கிட்ட ஒரு தம்பி கொலுசுக் கண்ணியைப் பத்த வெச்சு ஒட்டற வேலை பாக்கறான். கை சுத்தம், ஒரு கண்ணி கூட இளகாது. ரொம்ப நாள் கழிச்சுத்தான் அவன் திருநம்பின்னே (பொண்ணாப் பிறந்து ஆணா வாழறவன்) எனக்குத் தெரியும். மத்த ஆளுங்களுக்குத் தெரிஞ்சதும் கேலி ஆரம்பிச்சுது. பழைய பேரை எங்கிருந்தோ கண்டுபிடிச்சு அதைச் சொல்லிக் கூப்பிடறது, அவன் பாத்ரூம் போனா கதவைத் தட்டறது. நான் பெரிய சமூக சேவகன் எல்லாம் கிடையாது. வெள்ளி புழங்கற இடம், ஒருத்தன் மனசு கெட்டு வேலை பார்த்தா சேதாரம் என் தலைலதான். கூப்பிட்டு, "அவன் பேரு இதுதான், வேற பேரு சொன்னா அன்னிக்குச் சம்பளம் கிடையாது"ன்னேன். பாத்ரூமுக்கு உள் பக்கம் கொக்கி போட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். கேலி மொத்தமா நிக்கல, ஆனா என் காதுல விழற மாதிரி நடக்கறதில்ல. அவன் இன்னும் என்கிட்டதான் இருக்கான்.

---

மீசை_முளைச்சாச்சு | திங்கள் மதியம்

பட்டறை அண்ணன் "திருநம்பி"ன்னு எழுதினதைப் பாத்ததும்தான் நான் இங்க அக்கவுண்ட் போட்டேன். (அந்தத் தம்பி நான் இல்ல!) எங்களைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. திருநங்கைன்னா தெருவுல கண்ணுக்குத் தெரியறாங்க. எங்களை வீட்டுலயே பூட்டிடுவாங்க. வெளிய போன பொண்ணைக் காணோம்னு ஸ்டேஷன்ல புகார் குடுத்து, மேஜரான எங்களைப் போலீஸை வெச்சே திரும்பக் கூட்டிட்டுப் போவாங்க.

எனக்கு வீட்டை விட வேலைதான் பிரச்சினை. டிகிரி சர்டிஃபிகேட்ல பழைய பேரு. இன்டர்வியூல மூணு ரவுண்டு நல்லாப் போகும். அப்புறம் ஹெச்.ஆர். ஃபைலைப் புரட்டிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பாப்பாங்க. மறுபடி ஃபைலைப் பாப்பாங்க. "நாங்க கூப்பிடறோம்." அந்த ஃபோன் வராதுன்னு அங்கயே தெரிஞ்சுடும்.

மாவட்ட ஆட்சியர் குடுக்கற திருநர் சான்றிதழ் வாங்கிட்டேன். நான் வாங்கினப்ப அதுக்கு மருத்துவப் பரிசோதனை எல்லாம் இல்ல, சுய உறுதிமொழியே போதும்னு இருந்துச்சு, மத்திய அரசோட போர்டல்லயே விண்ணப்பிச்சேன். ஆனா அதுல "திருநர்"னுதான் வரும். "ஆண்"னு மாத்தணும்னா அறுவை சிகிச்சை செஞ்சதுக்கு மருத்துவமனைச் சான்று கேக்கறாங்க. 2014-ல உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்குல சொன்னது வேற. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமான்னு அவங்கவங்களே சொல்லிக்கலாம், அறுவை சிகிச்சை செஞ்சிருக்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு தீர்ப்பு. கோர்ட்டு குடுத்ததைச் சட்டம் போட்டுக் குறைச்சுட்டாங்க.

---

அஸ்தம்பட்டி_கோர்ட் | திங்கள் இரவு

மீசை தம்பி சொன்ன போலீஸ் விஷயத்துல ஒரு நல்ல செய்தி உண்டு. 2021 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்டுல சுஷ்மா வழக்குல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவுல, வயசு வந்தவங்க தன் விருப்பப்படிதான் இருக்காங்கன்னு தெரிஞ்சா காணாமப் போனதா வந்த புகாரை முடிச்சுடணும், மேற்கொண்டு தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருக்கு. அதுக்கு அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகள்ல 24-சி ன்னு ஒண்ணைச் சேத்தாங்க. பால் புதுமையினரையோ (திருநர், தன்பாலின ஈர்ப்பாளர் மாதிரியானவங்க) அவங்களுக்காக வேலை செய்யறவங்களையோ போலீஸ்காரர் துன்புறுத்தினா அது நடத்தை விதி மீறல். ஸ்டேஷன் போறப்ப அந்த விதியோட பிரிண்ட் அவுட்டைக் கையில வெச்சுக்கோங்க. எழுதினதைக் காட்டினா பேச்சு தானா மாறும்.

வேலை விஷயம். எந்த நிறுவனமா இருந்தாலும் 2019 சட்டத்தோட 11-ஆம் பிரிவுப்படி ஒரு புகார் அலுவலரை நியமிக்கணும். இதைக் கேட்டா முக்காவாசி ஹெச்.ஆர். முழிப்பாங்க. போன மாசம், 2025 அக்டோபர் 17-ல, உச்ச நீதிமன்றம் ஜேன் கௌசிக் வழக்குல தீர்ப்பு சொல்லிருக்கு. திருநங்கைங்கறதால ரெண்டு தனியார் பள்ளிக்கூடத்துல வேலை போன ஆசிரியை. இழப்பீடு குடுக்கச் சொன்னதோட, சட்டத்தை வெறும் காகிதமா விட்டுட்டீங்கன்னு அரசுகளையும் கேட்டு, முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமைல ஒரு குழு போட்டிருக்கு. அது என்ன செய்யுதுன்னு பாக்கலாம்.

---

ஓபி_சீட்டு | செவ்வாய் காலை

ஆஸ்பத்திரில நர்ஸ் நான். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

எங்க கிட்ட வர்ற திருநங்கைங்க நோயை விடப் பயப்படறது பேர் கூப்பிடறதுக்குத்தான். சீட்டுல ஆதார்ப் பேரு இருக்கும். ஹால் நிறைய ஜனம். ஒரு ஆம்பளைப் பேரைக் கத்திக் கூப்பிடுவாங்க, சேலை கட்டினவங்க எழுந்து வரணும். அத்தனை தலையும் திரும்பும். சில பேர் எழுந்து வரவே மாட்டாங்க, அப்படியே வெளிய போயிடுவாங்க. போனவங்க அப்புறம் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை கேட்டு முழுங்கி, முத்தின பிறகுதான் திரும்ப வருவாங்க.

நான் என் டூட்டில டோக்கன் நம்பரை மட்டும் சொல்லிக் கூப்பிடறேன். எல்லாருக்குமே. யாரும் ஆட்சேபிக்கல, வேலையும் சீக்கிரமா முடியுது. அட்மிஷன்னா எந்த வார்டுன்னு அவங்களையே கேக்கறோம். அதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும்னு ஒரு சீனியர் சொன்னார். அவங்களைப் பெண்கள் வார்டுல சேத்தா பக்கத்துப் படுக்கைக்காரங்க என்ன சொல்வாங்களோன்னு பயந்தார். பக்கத்துப் படுக்கைல இருந்த பாட்டி ரெண்டாம் நாளே அவங்ககிட்ட தலை வாரி விடச் சொல்லிட்டு உக்காந்திருந்தாங்க.

---

ஏற்காடு_ஒண்டிக்கடை | செவ்வாய் இரவு

மலை மேல எங்க கதையையும் கேளுங்க. ஏற்காட்டுல எனக்கு மூணு ரூம், ஹோம்ஸ்டே. கோடை விழா சமயத்துல ராத்திரி ரெண்டு திருநங்கைங்க வந்து நின்னாங்க. ஆன்லைன்ல புக் பண்ணி, பணமும் கட்டின இடத்துல, நேர்ல பாத்தவுடனே "சிஸ்டம் எரர்"னு அனுப்பிட்டாங்களாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவங்க, அந்த நேரத்துல பனியில திரும்ப இறங்கறதா?

குடுத்தேன். ரிஜிஸ்டர் எழுதும்போதுதான் மாட்டிக்கிட்டேன். ஆண், பெண்னு அச்சடிச்ச கட்டம். அவங்களும் பாக்கறாங்க, நானும் பாக்கறேன். கடைசில காலியா விட்டேன். அடுத்த தடவை ரிஜிஸ்டர் அடிக்கும்போது அந்தக் கட்டத்தையே எடுத்துட்டேன். பேரு, ஊரு, ஐ.டி. கார்டு நம்பர், ஃபோன், எத்தனை பேர், அவ்வளவுதான். செக்கிங் வந்தவங்ககூட அதைக் கேக்கல.

என் ரூம் பையன் மட்டும் அன்னிக்கு டீ கொண்டு போகத் தயங்கினான். நானே கொண்டு போனேன். காலைல அவங்க சேர்வராயன் கோயிலுக்கு ஆட்டோ கேட்டப்ப அந்தப் பையன்தான் தன் மாமா ஆட்டோவைக் கூட்டிட்டு வந்தான். கமிஷன் வாங்கியிருப்பான், அது வேற விஷயம்.

---

கோரிமேடு_77 | செவ்வாய் இரவு

எல்லாம் படிச்சேன். ரெண்டு ராத்திரிக்கு ரூம் குடுக்கறதும் வருஷக் கணக்குல வீடு குடுக்கறதும் ஒண்ணு இல்ல. என் கருத்து அதேதான். ஆனா குடி வந்தவங்களை மிரட்டிக் கிளப்பறது கேவலம், அதுல வக்கீல் சாரோட ஒத்துப் போறேன்.

---

அழகாபுரம்_மாடிவீடு | புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். தாழ்ப்பாள் மாத்தியாச்சு.

நேத்து அம்மாவே அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனாங்க. வக்கீல் சார் சொன்ன ஆறு மாசம், ரெண்டு வருஷம் எல்லாம் பேசல. "உங்க பேத்திக்கு சுகர் டெஸ்ட் எடுக்கணும்னு அலையறீங்களே, அந்தப் புள்ள லேப்லதான் இருக்கு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக் குடுக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அவர் ஒண்ணும் சொல்லலையாம். எதிர் வீட்டுக்காரங்க இன்னும் முறைக்கத்தான் செய்யறாங்க.

வக்கீல் சார், அக்ரிமெண்ட் மட்டும் சொல்லுங்க.

---

ஜங்ஷன்_அக்கா | புதன் இரவு

அம்மா கெட்டிக்காரங்க. ஆனா தம்பி, ஓசில ரத்தம் எடுக்கணும்னு அந்தப் பொண்ணு தலைல கட்டிடாதீங்க. குடியிருக்க வாடகை குடுத்தாப் போதும், தெருவுக்கெல்லாம் சேவை செஞ்சு நல்ல பேர் வாங்கணும்னு இல்ல. மத்த குடித்தனக்காரங்க அப்படி வாங்கறாங்களா?

---

அழகாபுரம்_மாடிவீடு | புதன் இரவு

நியாயம்தான் அக்கா. அம்மாகிட்ட சொல்றேன். டெஸ்ட்டுக்கு லேப் என்ன வாங்குதோ அதை அவர் குடுக்கட்டும்.

---

அஸ்தம்பட்டி_கோர்ட் | வியாழன் காலை

தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறைல இருக்கு. எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் போடணும், அதை வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். வேற மாதிரி பேசிக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. தண்ணி, கரண்ட் மாதிரி அத்தியாவசியமானதை ஓனரோ அவர் சார்பா வேற யாரோ நிறுத்தக் கூடாது.

மத்தவங்களுக்கு எழுதற அதே ஒப்பந்தத்தை எழுதுங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல விருந்தாளி கூடாது மாதிரி ஒரு வரி எல்லாருக்கும் இருந்தா இருக்கட்டும், இவங்களுக்கு மட்டும்னு சேக்காதீங்க. அவங்க பேரு சான்றிதழ்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க. காலி பண்ணணும்னா எத்தனை மாச நோட்டீஸ்னு தெளிவா இருக்கட்டும். நாளைக்குத் தெரு ஒண்ணு சேந்து உங்களை நெருக்கினா, "ஒப்பந்தம் பதிவாகிடுச்சு, என் கையில எதுவும் இல்ல"ன்னு சொல்றதுக்கு உங்களுக்கும் அது கவசம்.

தொந்தரவு வந்தா போலீஸ் தவிர கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கு. திருநங்கையர் நல வாரியத்தை 2008-லயே முதன் முதல்ல அமைச்ச மாநிலம் நாம, அதோட வேலைகள் அந்தத் துறை வழியாத்தான் நடக்குது. வக்கீலுக்குக் காசில்லைன்னா கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க.

---

ஐந்துரோடு_வீட்டுபுரோக்கர் | வியாழன் மதியம்

இழை இவ்வளவு தூரம் வந்ததால கேக்கறேன். ஒரு திருநங்கை பார்ட்டிக்கு மாமாங்கம் பக்கம் வீடு பாத்துட்டு இருக்கேன், ஐ.டி. கம்பெனி வேலை. ஓனர் ஒருத்தர் ஃபோன்லயே ஓகே சொல்லிட்டார். அவங்க திருநங்கைன்னு நான் சொல்லல. சொல்லணுமா? சொன்னா "பெயிண்ட் அடிக்கணும்" வந்துடும். சொல்லலைன்னா பால் காய்ச்சற அன்னிக்குப் பிரச்சினை ஆகும்.

---

மீசை_முளைச்சாச்சு | வியாழன் மதியம்

சொல்லக் கூடாது. வேற யாரோட பாலினத்தையாவது ஓனர்கிட்ட அறிவிச்சுட்டா வீடு பாக்கறோம்?

---

ஜங்ஷன்_அக்கா | வியாழன் மாலை

மீசைத் தம்பி சொல்றது நியாயம். ஆனா நான் ஒரு தடவை சாமான் எல்லாம் இறக்கின பிறகு ஓனர் என்னைப் பாத்துட்டு, வண்டியை அப்படியே திருப்பச் சொன்னார். ரெண்டு பக்கத்துக்கும் வண்டி வாடகை என் தலைல. அதனால புரோக்கர் தம்பி, நீங்களா முடிவு பண்ணாதீங்க. அந்தப் பொண்ணையே கேளுங்க. அவ சொல்லச் சொன்னா சொல்லுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. எப்படி இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அவளை நேர்ல கூட்டிட்டுப் போய் ஓனர் முன்னாடி நிறுத்திடுங்க. கையெழுத்து ஆனதுக்கப்புறம்தான் வண்டியைப் பேசணும்.

---

ஐந்துரோடு_வீட்டுபுரோக்கர் | வெள்ளி இரவு

கேட்டேன். "நானே பேசிக்கறேன், நீங்க கூட வாங்க போதும்"னுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குப் போறோம். அந்த ஓனர் மாட்டேன்னுட்டார்னா கைவசம் இன்னொண்ணு வேணும். ஜங்ஷன்லருந்து ஐந்து ரோடு வரைக்கும், ஒரு பெட்ரூம், எட்டாயிரத்துக்குள்ள. யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. இந்த பார்ட்டிக்கு கமிஷன் பாதிதான்.

---

ஜங்ஷன்_அக்கா | வெள்ளி இரவு

பாதி எதுக்கு தம்பி? எல்லார்கிட்டயும் வாங்கறதையே வாங்குங்க. எங்க லைன்ல கடைசிப் போர்ஷன் அடுத்த மாசம் காலியாகுது, 6,000. ஓனரம்மா நம்பர் அனுப்பறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி, அதை முன்னாடியே சொல்லிடுங்க.